லாம்ப் சாப்ஸ் வெளியே கொழகொழ, உள்ளே வறட்டு: ஊறவைத்ததில் தப்பா, சுட்டதில் தப்பா?

#1 புதுக்கிரில்

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எதையாவது விட்டுவிட்டால் எங்கே தப்பு நடந்தது என்று உங்களால் சொல்ல முடியாது.

போன ஞாயிறு வீட்டில் லாம்ப் சாப்ஸ், அதாவது எலும்போடு வெட்டிய ஆட்டுக்குட்டிக் கறித்துண்டு சுட்டேன், முதல் தடவை. மொத்தம் 12 துண்டு. முந்தின நாள் சாயங்காலமே மூன்று எலுமிச்சம்பழத்தின் சாறு, இரண்டு கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், சீரகத்தூள், இரண்டு ஸ்பூன் தேன், உப்பு, எண்ணெய் எல்லாம் கலந்து தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்துச் சுடும்போது கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகியிருக்கும். நேரம் கூடக் கூட மசாலா எலும்பு வரைக்கும் இறங்கும் என்று நினைத்துத்தான் அவ்வளவு நேரம் விட்டேன்.

மசாலா சொட்டச் சொட்ட அப்படியே எடுத்துக் கரி அடுப்புக் கம்பியில் வைத்தேன். குப்பென்று தீ மேலே எழுந்தது. இரண்டு நிமிடத்தில் வெளிப்பக்கம் கறுப்பு. உள்ளே வெந்திருக்காது என்று பயந்து இன்னும் பத்து நிமிடம் விட்டேன். எடுத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம், சொட்டுச் சாறு இல்லை. வெளியே ஒரு கால் அங்குலத்துக்குக் கறி மாதிரியே இல்லை, விரலால் வழித்தால் பசை போல வருகிறது. கருகிய கசப்பு வேறு. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் இரண்டாவது துண்டு எடுக்கவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

எங்கே தப்பு? ஊறவைத்த நேரம் போதவில்லையா, கூடிவிட்டதா? அடுப்பா?

#2 கங்கு

நண்பரே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி, பாதிப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

பச்சைப் பப்பாளியில் இருக்கும் பப்பைன் என்ற நொதி கறியின் புரதத்தை அறுத்துக்கொண்டே போகும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது. முற்றின ஆட்டுக்கறிக்கு, கழுத்துப் பகுதிக்கு, அதை அரை மணி நேரம் போட்டால் ஒரு நியாயம் இருக்கிறது. சாப்ஸ் என்பது ஏற்கெனவே ஆட்டின் உடம்பில் ரொம்ப மெத்தென்ற இடம், அதுவும் இளங்குட்டி. மெத்தென்று இருப்பதை எதற்கு இன்னும் மெத்தாக்க வேண்டும்? 20 மணி நேரம் என்றால் மேல்பரப்பு கரைந்துதான் போயிருக்கும். அந்த நொதி குளிரில் மெதுவாக வேலை செய்யும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும், 60 டிகிரியைத் தாண்டியும் வேலை செய்யும். அதனால் அடுப்பில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அது கறியைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கும். நீங்கள் விரலால் வழித்த பசை அதுதான்.

அதோடு மூன்று எலுமிச்சை. புளிப்பு கறியை நெருப்பில்லாமலே வேகவைக்கிற மாதிரி வெளுக்க வைக்கும். சுடுவதற்கு முன்னால் ஓரமெல்லாம் வெள்ளை பூத்த மாதிரி இருந்ததா? இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி வெளுத்த கறி பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

மூன்றாவது ஈரம். சொட்டச் சொட்ட வைத்தேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பதறியது. கறி சிவந்து முறுகி அந்த வாசனை வர வேண்டுமானால் மேல்பரப்பின் சூடு சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும், 1912-ல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது, அதனால்தான் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஈரம் இருக்கும் வரை மேல்பரப்பு 100-ஐத் தாண்டாது. தண்ணீர் முழுக்க ஆவியாகி முடிக்கும் வரை உங்கள் சாப்ஸ் சுடுபடவில்லை, அவிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளே வெந்து முடிந்துவிட்டது.

அப்புறம் தேன். தேன் சீக்கிரம் கருகும். கசப்பு அங்கிருந்துதான். தேன் வேண்டுமென்றால் கடைசி ஒரு நிமிடம் தடவுங்கள்.

#3 வெட்டுக்கத்தி

கறி வெட்டும் மேசைக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் நான். கங்கு சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி, எந்த இடத்துச் சாப்ஸ் வாங்கினீர்கள்? தடிமன் எவ்வளவு? யாரும் இதைக் கேட்காமல் மசாலாவுக்குப் போய்விடுகிறார்கள்.

நீளமாக ஓர் எலும்பு கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது விலா சாப்ஸ். எலும்பு ஆங்கில டீ எழுத்து போல நடுவில் குறுக்கே இருந்து இரண்டு பக்கமும் கறி இருந்தால் அது இடுப்புக்கு மேலே முதுகுப் பகுதி, கொழுப்பு குறைவு, கறி அதிகம். துண்டு அகலமாக, எலும்பு கோணல்மாணலாக, நடுநடுவே வெள்ளைச் சவ்வும் கொழுப்பும் ஓடினால் அது தோள்பட்டை. முதல் இரண்டும் தீயில் சட்டென்று சுட்டு எடுக்க வேண்டியவை. தோள்பட்டையை அதே மாதிரி சுட்டால் ரப்பர்தான், ஏனென்றால் அந்த ஆடு நடந்ததெல்லாம் அந்தத் தோளில்தான், அதில் இருக்கும் இணைப்புத் திசு கரைய நேரம் வேண்டும். அதை மூடி போட்டு ஓரச் சூட்டில் மெதுவாக வேகவிட்டுக் கடைசியில் தணல் காட்டலாம்.

#4 புதுக்கிரில்

விலா சாப்ஸ்தான், நீள எலும்பு இருந்தது. தடிமன் அளக்கவில்லை, என் சுண்டு விரல் தடிமன் இருக்கும், ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கங்கு, நீங்கள் கேட்டது உண்மைதான், ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது, ஃபிரிட்ஜில் கொழுப்பு உறைந்திருக்கிறது என்று நினைத்தேன்.

#5 வெட்டுக்கத்தி

ஒன்றரை சென்டிமீட்டர்! அதில் யார் சுட்டாலும் கஷ்டம்தான், உங்கள் கைமேல் மட்டும் பழி இல்லை. வெளியே நிறம் பிடிக்க எடுக்கும் நேரத்துக்குள் உள்ளே வெந்து தாண்டிவிடும். அடுத்த முறை வெட்டும்போதே சொல்லிவிடுங்கள், மூன்று சென்டிமீட்டர் வேண்டும் என்று. விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளி அவ்வளவு இல்லாத சின்னக் குட்டியாக இருந்தால் இரண்டு எலும்பு சேர்த்து ஒரு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஆறு பேருக்கு 12 மெல்லிய துண்டு கொடுப்பதைவிட ஆளுக்கு ஒரு தடித்த துண்டு கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை. கறிக்கும் கொழுப்புக்கும் நடுவில் வெள்ளி மாதிரி பளபளவென்று ஒரு சவ்வு ஓடும், கத்தி முனையை அதன் அடியில் விட்டுத் தூக்கி இழுத்தால் வந்துவிடும். அது எவ்வளவு சுட்டாலும் கரையாது, சுருங்கிக் கறியை வளைக்கும், வளைந்த சாப்ஸில் பாதி கம்பியைத் தொடாது. வெளி ஓரக் கொழுப்பில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் போடுங்கள், கறி வரைக்கும் போகாமல். கொழுப்பை முழுக்க வெட்டி எறியாதீர்கள், அரை சென்டிமீட்டர் விடுங்கள்.

#6 தயிர்ப்பானை

புளிப்பு என்றாலே ஏன் இப்படிப் பாய்கிறீர்கள் என்று புரியவில்லை. நான் பல வருடமாக இராத்திரி முழுக்கத் தயிரில்தான் ஊறவைக்கிறேன், ஒரு நாளும் பசையாகவில்லை. கெட்டித் தயிர், பூண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் புதினா. காலையில் எடுத்தால் கறி மெத்தென்று இருக்கும். ஊறவைக்காமல் சுட்ட கறி எனக்கு எப்போதும் கொஞ்சம் வெறிச்சென்றுதான் தெரிகிறது. புதுக்கிரில், பயப்படாமல் ஊறவையுங்கள், எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுங்கள்.

#7 கங்கு

தயிர்ப்பானை அக்கா (அண்ணாவாக இருந்தால் மன்னிக்கவும்), தயிரை நான் குறை சொல்லவே இல்லை. தயிரின் புளிப்பு எலுமிச்சையைவிட எத்தனையோ மடங்கு மென்மை, அதுவும் கெட்டியாக இருப்பதால் கறியின் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர மூழ்கடிக்காது. தடித்த துண்டுக்கு ஓர் இரவு தாங்கும். ஆனால் தயிரோடு அப்படியே கம்பியில் வைக்கிறீர்களா, வழித்துவிட்டு வைக்கிறீர்களா?

#8 தயிர்ப்பானை

அக்காதான். கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக வழித்துவிடுவேன், பிறகு டிஷ்யூ வைத்து ஒற்றுவேன். மெல்லிய பூச்சு மட்டும் ஒட்டியிருக்கும். அந்தப் பூச்சுதான் சீக்கிரம் சிவக்கிறது. வழிக்காமல் வைத்த அன்று கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது, அதனால் பழகினேன்.

#9 கங்கு

அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை அக்கா. நான் சொல்ல வந்ததை நீங்கள் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

#10 உப்புக்கல்

இந்த இழையில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மசாலா எலும்பு வரை இறங்கும் என்று புதுக்கிரில் எழுதியிருக்கிறார், அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். இறங்காது. எவ்வளவு நேரம் வைத்தாலும் இறங்காது.

இதை நானே கண்ணால் பார்த்தேன். ஒரே ஆட்டின் நான்கு முதுகுச் சாப்ஸ், நான்கும் மூன்று சென்டிமீட்டர். எல்லாவற்றிலும் மஞ்சள்தூள், பூண்டு, எண்ணெய் தடவினேன். மஞ்சள் எதற்கென்றால் நிறம் எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியுமே. ஒன்றை ஒரு மணி நேரத்தில் எடுத்தேன், ஒன்றை நான்கு மணி நேரத்தில், ஒன்றை மறுநாள் காலையில், கடைசியை மறுநாள் இரவு. குறுக்கே வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரத் துண்டில் மஞ்சள் ஓரம் ஒரு கோடு மாதிரி இருந்தது. மறுநாள் இரவு எடுத்ததிலும் அதே கோடு, நகத்தின் தடிமன்கூட இல்லை. கறியின் நார் பிரிந்திருந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் உள்ளே வழிந்திருந்தது. நடுக்கறி நான்கிலும் ஒரே சிவப்பு. மூக்கருகே வைத்து முகர்ந்தால் நடுவில் பூண்டு வாடையே இல்லை.

உள்ளே நன்றாகப் போவது உப்பு மட்டும்தான். உப்பைத் தூவினால் முதலில் கறியிலிருந்து தண்ணீர் வெளியே வரும், பத்து நிமிடத்தில் மேலே முத்து முத்தாக நிற்கும். நிறையப் பேர் அந்த நேரம் பார்த்துப் பயந்துபோய்க் கம்பியில் வைத்துவிடுகிறார்கள், அது ரொம்ப மோசமான நேரம். விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனால் மெல்ல மெல்ல உள்ளேயே திரும்பிப் போகும். போன உப்பு புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தும், சுடும்போது சாறு பிடித்து வைத்துக்கொள்ள அது உதவும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மா சொல்லவில்லை, சாப்ஸில் அந்த உப்பு எப்போது போடுகிறோம் என்பதும் சேர்த்தி.

நான் செய்வது இதுதான். ஒரு கிலோ சாப்ஸுக்கு 10 முதல் 12 கிராம் தூள் உப்பு, அதாவது சின்ன ஸ்பூனில் தலைதட்டி இரண்டு. இரு பக்கமும் தூவி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. அதற்குள் மேல்பரப்பு உலர்ந்து, தொட்டால் கொஞ்சம் பிசுக்கென்று இருக்கும், அந்த நிலைதான் வேண்டும். எண்ணெய், மிளகு, சீரகம், இலை தழை எல்லாம் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவினால் போதும், அவை எப்படியும் மேலேயே இருக்கப்போகிறவை. எலுமிச்சையை இலையில் வைத்த பிறகு பிழியுங்கள். புளிப்பு அப்போதுதான் புளிப்பாகவே நாக்கில் தெரியும்.

#11 தயிர்ப்பானை

நிறம் உள்ளே போகவில்லை என்பதால் ருசியும் போகவில்லை என்று சொல்லிவிட முடியுமா? எனக்குத் தயிரில் ஊறியது உள்ளேயும் நன்றாக இருக்கிறதே.

#12 உப்புக்கல்

நல்ல கேள்வி அக்கா. உங்கள் தயிரில் உப்பு போடுகிறீர்கள் அல்லவா? அந்த உப்பு இரவு முழுக்க உள்ளே போகிறது, நீங்கள் ரசிப்பது பெரும்பாலும் அதைத்தான். அதோடு ஒரு வாய்க் கறியில் மேல்பரப்பும் நடுவும் சேர்ந்தே வாய்க்குள் போகிறது, சாப்ஸ் சின்னத் துண்டு என்பதால் மேலே இருக்கும் மசாலாவே முழுக் கவளத்துக்கும் போதும். ஒரு முறை உப்பில்லாத் தயிரில் ஒன்று, உப்புப் போட்ட தயிரில் ஒன்று வைத்து நடுக்கறியை மட்டும் வெட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள், நீங்களே சொல்லுங்கள்.

#13 இரவுப்பணி

எனக்கு மாடியும் இல்லை, முற்றமும் இல்லை. சின்ன அடுக்குமாடி வீடு. கரி அடுப்பை அடுக்களை ஜன்னல் ஓரம் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுடலாமா? எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது.

#14 கங்கு

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தலை சுற்றுவது தெரிவதற்குள் எழுந்து நடக்க முடியாமல் போய்விடும். ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது என்பதெல்லாம் காப்பாற்றாது. அணைந்த மாதிரி தெரியும் கரியைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது, சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும். மூன்று பக்கம் அடைத்த பால்கனியும் உள்ளறை மாதிரிதான்.

#15 வெட்டுக்கத்தி

இரவுப்பணி, கனமான இரும்புக் கல் ஒன்று இருந்தால் உங்களுக்குக் கரியே வேண்டாம். வரி வரியாக மேடு உள்ள கிரில் பேனைவிட எனக்குச் சமதளமான இரும்புக் கல்தான் பிடிக்கும், வரிப் பேனில் கோடு மட்டும் சிவக்கும், நடுவில் வெளுப்பாக நிற்கும். கல்லை ஐந்து நிமிடம் நன்றாகக் காயவிட்டு, எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் சாப்ஸில் தடவி, முதலில் கொழுப்பு ஓரத்தைக் கீழே வைத்து இடுக்கியால் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று துண்டைச் சேர்த்துப் பிடித்தால் தானே நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் கொழுப்பு உருகி வழிந்து, ஓரம் பொன்னிறமாகி, சடசடவென்ற சத்தம் கொஞ்சம் அடங்கும். அந்த உருகிய கொழுப்பிலேயே பக்கங்களைச் சுடுங்கள், வேறு எண்ணெய் தேவைப்படாது. ஓவன் இருக்கிறவர்கள் மேல் சூட்டை முழுக்க வைத்து மேல் தட்டில் வைத்தாலும் சரி.

#16 மொட்டைமாடி

கரி அடுப்புக்காரர்களுக்காக நான் எழுதுகிறேன், இத்தனை வருடத்தில் நிறையக் கருக்கியிருக்கிறேன்.

கரியைப் பற்றவைத்ததும் தீ தெரிகிற நேரத்தில் கறி வைக்கக் கூடாது. 20, 30 நிமிடம் பொறுத்தால் தீ அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும், அதுதான் தணல். அதை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள், மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். கம்பிக்கு ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் சூடு தயார்.

புதுக்கிரிலுக்கு எழுந்த தீ, கரியின் தீ இல்லை. கறிக் கொழுப்பும் மசாலா எண்ணெயும் தணலில் சொட்டி எரிந்த தீ. அந்தத் தீயின் புகையில் கரி படியும், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும். தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும், ஆவி கையைச் சுடும். சாப்ஸை வெறும் பாதிக்கு நகர்த்துங்கள், தீ தானே அடங்கும், திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தக் காலிப் பாதி இல்லையென்றால் ஒதுங்க இடமே இருக்காது.

அடிக்கடி திருப்பக் கூடாது, ஒரே ஒரு தடவைதான் என்று சொல்வார்கள். நான் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்புகிறேன், உள்ளே சீராக வேகிறது, ஓரத்தில் அந்தச் சாம்பல் நிறப் பட்டை மெலிசாகிறது. மூன்று சென்டிமீட்டர் துண்டுக்கு நல்ல தணலில் மொத்தம் ஆறு முதல் எட்டு நிமிடம். அழகாகக் கோடு விழ வேண்டுமென்பவர்கள் ஒரு தடவையே திருப்பிக்கொள்ளட்டும், அது கண்ணுக்கு.

இன்னொன்று, அதிகச் சூட்டில் வாட்டினால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்பதும் உண்மையில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கிளம்பிய கருத்து அது. கல்லில் போட்டுச் சிவக்க வைத்த கறியும் சடசடக்கிறதே, அந்தச் சத்தமே சாறு வெளியே வந்து ஆவியாவதுதான். வாட்டுவது ருசிக்காக. சாறு தங்குவது உள்ளே எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

#17 இரவுப்பணி

இரும்புக் கல்லே வாங்கிவிட்டேன், கரி யோசனையை விட்டுவிட்டேன். நன்றி. ஆனால் உள்ளே சிவப்பாக இருந்தால் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அது ரத்தம் என்கிறார்கள். முழுக்க வேகவிட்டுத்தான் ஆக வேண்டுமா?

#18 உப்புக்கல்

அது ரத்தம் இல்லை. அறுத்த உடனேயே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். தசைக்குள் பிராணவாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்தச் சிவப்பு, அது கறியின் தண்ணீரோடு கலந்து வெளியே வருகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது அது சிதைந்து நிறம் மாறத் தொடங்கும்.

ஆனால் நிறத்தை வைத்து வெந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. குச்சி மாதிரி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பக்கவாட்டில், நடு வரைக்கும், எலும்பில் படாமல் குத்த வேண்டும், எலும்பைத் தொட்டால் காட்டும் எண் தப்பாக இருக்கும். நடு சிவப்பாக வேண்டுமென்பவர்கள் 55, 57 டிகிரியில் சாப்பிடுகிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டு ஆட்டுக்கறிக்குச் சொல்வது 63 டிகிரி, எடுத்த பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவது. கொத்தின கறிக்கு 71. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் சாப்பிடுகிற பந்தியில் 63-க்குக் கீழே போக வேண்டாம், இதில் நான் கண்டிப்பு.

உங்கள் வீட்டுக்கு 68 வரை போகலாம், இளஞ்சிவப்பும் பெரும்பாலும் போய்விடும், சாறு கொஞ்சம் மிஞ்சும். 75, 80 என்று போனால்தான் புதுக்கிரிலுக்கு வந்த வறட்டுக் கறி. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் இரண்டு மூன்று டிகிரி ஏறும், அதைக் கணக்கில் வைத்து முன்னாலேயே எடுங்கள். எடுத்ததும் ஐந்து நிமிடம் தட்டில் விடுங்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்கிற பழமொழி சாப்ஸுக்கு அப்படியே பொருந்தும், சுட்ட கையோடு வெட்டினால் சாறெல்லாம் தட்டில் குளம் கட்டும்.

#19 தயிர்ப்பானை

யாராவது மொச்சை வாடை பற்றிச் சொல்லுங்களேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அது ஒத்துவராது. அதற்காகத்தான் நான் தயிருக்கே போனேன்.

#20 வெட்டுக்கத்தி

அந்த வாடை கறியில் இருப்பதைவிடக் கொழுப்பில்தான் அதிகம் அக்கா. ஆட்டுக் கொழுப்பில் மட்டும் குறிப்பாக இருக்கும் சில கொழுப்பு அமிலங்கள் அதற்குக் காரணம், ஆட்டுக்கு வயது ஏற ஏற வாடையும் ஏறும். அவருக்குக் கொடுக்கிற துண்டில் மட்டும் வெளிக் கொழுப்பை ஒட்ட வெட்டிவிடுங்கள், கொழுப்பு ஓரத்தை நன்றாக உருக்குங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டியாகக் கேட்டு வாங்குங்கள். மசாலாவால் வாடையை மூட நினைத்துக் கொட்டுவதைவிட இது பலன் தரும்.

பச்சைக்கறி ஊறிய மசாலாவை மிச்சம் பிடித்து, வெந்த கறியின் மேல் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் கறி படுவதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள். பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததைத் திரும்ப வைப்பதும் அதே மாதிரி. ஊறவைப்பது எப்போதும் ஃபிரிட்ஜில், மேடைமேல் இல்லை. அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பு சேர்க்காதீர்கள், கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது.

#21 புதுக்கிரில்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்று திரும்பச் சுட்டேன்.

எட்டுத் துண்டு, விலா, மூன்று சென்டிமீட்டர், வெட்டும்போதே அளந்து கேட்டேன். சவ்வை எடுத்தேன், முதல் இரண்டு துண்டில் கறியும் கொஞ்சம் கிழிந்தது, பிறகு கை பழகிவிட்டது. 900 கிராம் கறிக்கு 10 கிராம் உப்பு, இரவு முழுக்க மூடாமல் ஃபிரிட்ஜில். காலையில் தொட்டுப் பார்த்தால் உப்புக்கல் சொன்ன அதே பிசுக்கு. சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எண்ணெய், மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம், பொடியாக நறுக்கிய பூண்டு. தணலை ஒரு பக்கம் ஒதுக்கினேன். கொழுப்பு ஓரத்தை முதலில் நிறுத்திப் பிடித்தேன், இரண்டு தடவை தீ எழுந்தது, காலிப் பாதிக்குத் தள்ளினேன், அடங்கியது. 61 டிகிரியில் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டேன், தெர்மாமீட்டர் 63 காட்டியது.

வெட்டியபோது ஓரத்தில் மெல்லிசாகப் பழுப்பு, நடுவில் இளஞ்சிவப்பு, கத்தி போன வழியில் சாறு மினுமினுத்தது. எட்டுத் துண்டும் போய்விட்டது, எலும்பைக் கையில் எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஒரே ஒரு குறை. பூண்டுத் துண்டுகள் கறுத்துப்போய் அங்கங்கே கசந்தது. இதற்கு என்ன செய்வது?

#22 தயிர்ப்பானை

ரொம்பச் சந்தோஷம் தம்பி. பூண்டை நறுக்கிப் போடாதீர்கள். நாலு பல்லை நசுக்கி எண்ணெயில் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து, பூண்டு நிறம் மாறுவதற்குள் இறக்கி வடிகட்டுங்கள். சாப்ஸை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவிடுகிற அந்த ஐந்து நிமிடத்தில் பிரஷ்ஷால் அந்த எண்ணெயைத் தடவுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள், பூண்டு எண்ணெயை வெளியில் நாள் கணக்கில் வைக்கக் கூடாது, விஷக் கிருமி வளரும்.

உப்புக்கல் சொன்ன பரிசோதனையை நானும் செய்தேன். உப்பில்லாத் தயிரில் வைத்த துண்டின் நடுக்கறி சப்பென்று இருந்தது, உப்புத் தயிரில் வைத்தது நன்றாக இருந்தது. இனிமேல் முதல் நாள் இரவு உப்பு மட்டும், காலையில் தயிர்.

#23 இரவுப்பணி

இன்றிரவு இரும்புக் கல்லில் நான்கு துண்டு சுட்டேன், 67 டிகிரி. வீட்டில் சாப்பிட்டார்கள். அடுக்களை முழுக்கப் புகை, அதற்கு மட்டும் யாராவது வழி சொன்னால் நல்லது.

#24 வெட்டுக்கத்தி

கல் அளவுக்கு மேல் காய்ந்திருக்கும், இல்லையென்றால் சாப்ஸில் மசாலாத்தூள் அதிகம் இருந்திருக்கும், கல்லில் முதலில் கருகிப் புகைவது அந்தத் தூள்தான். தூளைச் சுட்ட பிறகு தூவிப் பாருங்கள், உப்பும் எண்ணெயும் மட்டும் போட்டுச் சுடுங்கள். நான்கு துண்டை ஒரே நேரத்தில் நெருக்காமல் இரண்டு இரண்டாகப் போடுங்கள், நடுவில் உருகிய கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள்.